கிணற்றடியில் ரை பீர்

நாங்கள் மட்டாஞ்சேரியில் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. மூன்று வீட்டுக்கும் அது ஒன்றுதான். எங்கள் வீடு நடுவில். இடப்பக்கம் ஒரு ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. கணவரை இழந்தவர், கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவரை நான் ஆன்ட்டி என்பேன். வலப்பக்கம், யூதத் தெரு முடிகிற இடத்தில், துணி தைத்துக் கொடுக்கும் ஒரு யூதப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்குச் சேச்சி. நான் பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீட்டுக்குள் தமிழ், கிணற்றடியில் மலையாளம். ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

ஒருநாள் ஆன்ட்டி சாக்கு மூட்டை ஒன்றை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினார். வடக்கே ஏதோ குளிர்தேசத்துக் கப்பலின் சமையல்காரர், இறக்குமதி பேப்பர்களை அவசரமாக டைப் அடித்துக் கொடுத்ததற்கு நன்றியாகத் தந்தாராம். உள்ளே மாவு. சாம்பல் நிறம், கொஞ்சம் புளித்த வாசனை.

"ரை என்கிறார்கள். அந்த ஊர்க் கோதுமை மாதிரி" என்றார் ஆன்ட்டி. "நான் ஒருத்தி இதை எத்தனை நாள் தின்பது? ஆளுக்கு ஒரு பங்கு எடுங்கள்."

சேச்சி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கறுத்த கோதம்பு" என்று பெயர் வைத்தார். கடைசிவரை எங்களுக்கு அந்தப் பெயர்தான்.

நான் அதில் சப்பாத்தி செய்யப் பார்த்தேன். மாவு கையோடு பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்கக் கத்தி வேண்டியிருந்தது. தோசையாக ஊற்றினால் கல்லைவிட்டு வரவில்லை. சேச்சி ரொட்டி சுட்டார். அதைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுக்கலாம் என்று அவர் மகனே சொன்னான். ஆன்ட்டி கஞ்சி வைத்து, ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கோழிக்குப் போட்டார். கோழியும் யோசித்தது.

சில மாதம் கழித்து அதே கப்பல் வந்தபோது ஆன்ட்டி சமையல்காரரிடமே கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். "அதை ரொட்டியாகக் கறுக்கச் சுட்டு, வெந்நீரில் ஊறவைத்து, சர்க்கரையும் திராட்சையும் ஈஸ்டும் போடுங்கள். என் அம்மா செய்கிற பீர் அது" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஆன்ட்டி ஆபீஸில் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்துக் கொண்டுவந்தார். மேல் தாள் அவருக்கு, இரண்டாவது சேச்சிக்கு, அடியில் இருந்தது எனக்கு. அதில் பாதி எழுத்து பூனை நடந்த தடம் மாதிரி இருந்தது.

பீர் என்ற சொல் எங்கள் வீட்டில் நுழைந்ததே இல்லை. என் கணவர் தன் அம்மாவுக்கு, சாராய வகை எதையும் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தவர். நான் தாளைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

"ஏங்க, இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

முழுக்கப் படித்தார். "புளிக்க வைக்கிறது. நீ இட்லி மாவுக்குச் செய்யறதுதான்" என்றார். "குடிக்க மாட்டேன்னுதான் நான் சத்தியம் பண்ணினேன். நீ செய்யறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

ஆரம்பிக்கும் முன்பே ஒரு சிக்கல் வந்தது. சேச்சி வந்து, "திராட்சை போட்டு நீங்கள் புளிக்க வைத்தால் நான் வாயில் வைக்க முடியாது. எங்கள் சட்டம் அப்படி. திராட்சை ரசம் எங்கள் ஆட்கள் கையாலேயே ஆகணும்" என்றார். பரிமாறிக்கொள்ள முடியாவிட்டால் செய்வதில் என்ன இருக்கிறது? ஆகவே திராட்சை சேச்சிக்கு மட்டும் என்று முடிவாயிற்று. ஆன்ட்டி இஞ்சியும் பேரீச்சையும் எடுத்துக்கொண்டார். நான் ஊரிலிருந்து வந்த பனைவெல்லமும் சுக்கும். மூன்று வீட்டுப் பீரும் மூன்று விதமாகப் போனதற்கு இதுதான் காரணம். கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

வினிகர் பாட்டில், பழரச பாட்டில் என்று கிடைத்ததையெல்லாம் கழுவி, கார்க் அடித்து, சணலால் கட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆன்ட்டி சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, கிணற்றடியில் துவைகல்லின் மேல் பாட்டில்களை வைத்தோம். சேச்சி தன் கண்ணாடித் தம்ளரை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

யாருடையது நன்றாக இருக்கிறது என்று யார் சொல்வது? அவரவர் அடுத்தவருடையதைப் புகழ்ந்துகொண்டே இருந்தோம். ஆன்ட்டிக்கு அலுத்துவிட்டது.

"மோளே, உன் கணவரைக் கூப்பிடு. அவருக்குச் சம்பளமே ருசி பார்க்கத்தானே?"

என் கணவர் வெலிங்டன் தீவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் அறையில் உதவியாளர். காலையில் நீளமான மேஜையில் ஐம்பது அறுபது கிண்ணம் சாயா வரிசையாக வைப்பார்கள். ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. தலைமை ருசிபார்ப்பாளரான பெரியவர் துப்பியதும் இவரும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து, பார்த்தே கற்றுக்கொண்டார்.

"துப்பறது குடிக்கறதில்லை" என்று சொன்னார். வீட்டிலிருந்து எச்சில் படிக்கத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, துவைகல்லுக்கு முன்னால் நின்றார். எது யாருடையது என்று அவருக்குச் சொல்லவில்லை.

முதல் கரண்டி. உறிஞ்சிய சத்தத்தில் கிணற்றுமேல் இருந்த காக்கை பறந்தது. "இதுல உயிர் இருக்கு. ஆனா இஞ்சி மத்ததைப் பேச விடலை." இரண்டாவது. "இது நல்ல உருண்டையா, முனையில்லாம இருக்கு. நாக்குல நிக்குது." மூன்றாவதை உறிஞ்சியவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. துப்பிவிட்டு, தண்ணீர் கேட்டார்.

"இது கோவமா இருக்கு" என்றார். "யாரோ ரொம்ப நாள் மறந்துட்ட மாதிரி."

அது என்னுடையது. ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். சேச்சி மட்டும் நேராகக் கேட்டார், "எத்தனை மணி நேரம் புளிக்க வைத்தாய்?"

"எழுபத்திரண்டு."

"தாளில் பன்னிரண்டு என்றல்லவா இருக்கிறது?"

ஓடிப்போய் என் பிரதியை எடுத்துவந்தோம். மங்கிய கார்பனில் அது ஒன்றா ஏழா என்று படித்துச் சொன்ன என் கணவருக்கே இப்போதும் நிச்சயமில்லை. மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றும் மறுநாளும் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சாப்பிடும்போது, "உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அது சமாதானமா சண்டையா என்று தெரியாமல் நான் மோர் ஊற்றினேன்.

ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு வேகம் வந்தது. பன்னிரண்டு மணி நேரக் கணக்குக்கும் நான் கட்டுப்படவில்லை. மட்டாஞ்சேரி வெயிலுக்கு எது சரி என்று மூக்கு சொல்லிற்று. மாவு பொங்கும் வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இனிப்பு வாசனை விலகி, பழம் அழுகுவதற்கு முந்தின நொடி மாதிரி ஒன்று வரும். அப்போது வடிகட்டிவிடுவேன். அடுத்த வருஷம் கப்பல் வந்தபோது புது மூட்டையில் செய்தேன். என் கணவர் இரண்டு தடவை கரண்டி எடுத்தார். வேலையில் அவர் ஒரு கிண்ணத்துக்கு இரண்டாவது தடவை போவது அபூர்வம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஆளுக்கு ஆறு பாட்டில், அதில் மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு. காலி பாட்டிலைக் கழுவித்தான் திருப்ப வேண்டும். அந்தப் பீரில் பெரிய போதை ஒன்றும் இல்லை. இரண்டு தம்ளருக்குப் பிறகு ஆன்ட்டி கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி. சேச்சி வீட்டில் பெசஹா என்கிற பாஸ்கா பண்டிகைக்குச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, பாத்திரம் தேய்த்து, கிணற்றையே இறைத்துச் சுத்தப்படுத்துவார்கள். நாங்களும் கயிறு பிடிப்போம். அந்த எட்டு நாளும் புளித்த தானியம் எதுவும் அவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது, அவர்களுக்குச் சொந்தமாகவும் இருக்கக் கூடாது. சேச்சி தன் ஆறு பாட்டில் ரை பீரையும், மிச்ச மாவையும் கூடையில் வைத்து என் சமையலறையில் கொண்டுவந்து வைத்தார்.

"நான் பத்திரமா வெச்சிருக்கேன் சேச்சி."

"பத்திரமாக வைப்பதற்கு இல்லை. இது இப்போது உன்னுடையது. பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே. நீ குடிக்கலாம், கொட்டலாம். திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.

நான் பாட்டில்களை ஆட்டுக்கல்லுக்குப் பின்னால், ஈரமணலில் புதைத்து வைத்தேன். அந்த வாரம் வெயில் தாங்கவில்லை. சரியாக அப்போதுதான் பாலக்காட்டிலிருந்து என் கணவரின் அண்ணன் வந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர், கண்டிப்பானவர். அவர் முன்னால் நான் அதிகம் பேசமாட்டேன்.

மத்தியானம் இருவருக்கும் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தேன். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தபோது, சமையலறையில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் திரும்புவதற்குள் இன்னொன்று. கண்ணாடித் துண்டு ஆட்டுக்கல்லில் பட்டுத் தெறித்தது. பழுப்பாக நுரை வாசற்படியைத் தாண்டி ஓடி வந்தது. வீடு முழுக்கப் புளித்த ரொட்டியும் திராட்சையும் மணத்தது.

மூத்தார் மூக்கைச் சுளித்தார். "என்ன வாசனை இது?"

வினிகர் என்று சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். என் கணவர் முந்திக்கொண்டார்.

"பீர், அண்ணா. பக்கத்து வீட்டுக்காரங்களோடது. அவங்களுக்குப் பண்டிகை. நம்ம வீட்டுல கொடுத்து வெச்சிருக்காங்க."

"நம்ம வீட்டுல பீரா? அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தவன் நீ."

"நான் குடிக்கலை. இவ செய்வா. நல்லாவே செய்வா."

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மூத்தார் என்னைப் பார்க்கவில்லை. பாதி இலையோடு எழுந்து, கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "இனிமே இங்க நான் தண்ணி குடிக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

நான் சுவரோரம் நின்று அழுதேன். என் கணவர் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைப் படிக்க வைத்தவர்.

"வினிகர்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். ஆனா பக்கத்து வீட்டம்மா நம்மை நம்பித்தானே இங்க கொண்டுவந்து வெச்சாங்க? வெட்கப்படற விஷயம்னு நாமே மறைச்சா, அவங்க முகத்துல நாளைக்கு எப்படி முழிக்கிறது?" இலையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரசம் ஊத்து" என்றார்.

எட்டு நாள் முடிந்து சேச்சி வந்தபோது நான் நான்கு பாட்டிலையும் மாவையும் கூடையில் வைத்துக் கொடுத்து, இரண்டு வெடித்துவிட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மூத்தார் எழுந்துபோனதையும் சொல்லிவிட்டேன். பாட்டிலைப் பற்றி அவர், "உன்னுடைய பாட்டில் வெடித்ததற்கு என்னிடம் எதற்கு வருத்தப்படுகிறாய்?" என்றார். மற்றதைக் கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் என் கணவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அளவு எடுக்கவே இல்லை, கச்சிதமாக இருந்தது.

மூத்தார் மூன்று வருஷம் வரவில்லை. கடிதமும் இல்லை. என் மூத்த பெண்ணுக்குக் காது குத்தும்போது வந்தார். சாப்பிட்டார், தண்ணீரும் குடித்தார். பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதற்குள் அந்தக் கப்பல் வருவது நின்றுபோயிருந்தது. வேறு துறைமுகத்துக்கு மாறிவிட்டது என்று ஆன்ட்டி சொன்னார். இருந்த கடைசி மாவோடு கேழ்வரகு கலந்து ஒரு வருஷம் ஓட்டினோம். அந்த வருஷம்தான் சேச்சி குடும்பமும் இஸ்ரேலுக்குப் புறப்பட்டது. தெருவில் வீடு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்த காலம். தையல் மிஷினை விற்க மனமில்லாமல் மரப்பெட்டி செய்து அடைத்தார். பம்பாய்க்கு ரயிலேற்ற நாங்கள் படகில் எர்ணாகுளம் போனோம். ஆன்ட்டி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் சேச்சி என் கையைப் பிடித்து, "கேழ்வரகை நன்றாக வறுத்துச் செய். பச்சை வாசனை அடிக்கிறது" என்றார். அதைத்தான் சொன்னார்.

ஆன்ட்டியும் நானும் பிறகு இரண்டு தடவை செய்தோம். வறுத்தே செய்தேன், நன்றாகவும் இருந்தது. ஆனால் இரண்டு பேர் என்றால் உன்னுடையதா என்னுடையதா என்று ஆகிவிடுகிறது. மூன்றாவது ஆள் இருந்தால்தான் விளையாட்டு. மூன்றாவது வருஷம் நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பாட்டில்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம்.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்து சேச்சியிடமிருந்து மலையாளத்தில் ஒரு கடிதம் வந்தது. அங்கே கறுத்த கோதம்பு ரொட்டி கடையிலேயே கிடைக்கிறதாம். ஆனால் செய்து பார்க்கத் தோன்றவில்லையாம், அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேறு வேறு ஊர்க்காரர்கள், யாருக்கும் யாருடைய பேச்சும் புரியவில்லை என்று எழுதியிருந்தார். மகனுக்குத் தோட்டத்தில் வேலை, குளிர் அதிகம், மழை குறைவு.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தடுமாறும். ஆன்ட்டி ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தருவதாகச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். நானே நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஆன்ட்டிக்கு முட்டிவலி, பெண் பள்ளிக்கூடம் போகிறாள், இவருக்கு ஆபீஸில் தனி மேஜை கிடைத்திருக்கிறது, அவர் இருந்த வலப்பக்க வீட்டில் மிளகு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், இந்தக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது. பிழைகளோடு அப்படியே தபாலில் சேர்த்தேன்.