மண்ணுக்குள் இருந்த கால்கள்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவருக்குப் 'பரவாயில்லை' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாற்காலி ஆடினாலும், மின்விசிறி நின்றாலும், வேறு பல்லைப் பிடுங்கிவிட்டதாக ஒருவர் மேசையைத் தட்டினாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

இன்னும் வெளிவராத ஒரு வீடியோ கேமை முன்கூட்டியே ஆடிப்பார்த்துக் கருத்துச் சொல்ல ஒரு கம்பெனி ஆள் தேடியது. இவரும் கேட்டார், அனுமதி கிடைத்தது. காட்டு வழியே ஒரு தபால்காரன் மலைக்குப் போகிற விளையாட்டு. மாலையில் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்ப்பவருக்கு, வலியில்லாத ஒருவனைப் பார்ப்பது பிடித்திருந்தது. வாராவாரம் "மிகவும் நன்று" என்று எழுதி அனுப்பினார்.

உருப்படியாக எதுவும் சொல்லாதவர்களின் அனுமதி வெள்ளிக்கிழமையோடு ரத்து என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் போய் நின்றார்.

"நீ கொஞ்சம் பாரேன். எனக்குக் குறையே தெரியல."

"என்கூட இத்தனை வருஷம் இருந்தும் குறை சொல்லக் கத்துக்கலையா?" மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். "இந்த ஆளுக்குக் கால் எங்கே?"

"மண்ணுக்குள்ள இருக்கு."

"எதுக்கு?"

"முதல் நாள்லேர்ந்து அப்படித்தான் போறான். அவங்க ஊர்ல அப்படி நடப்பாங்க போல."

"இடுப்பு வரைக்கும் புதைஞ்சு கிடக்கான். மனசாட்சியே இல்லாம மலையேற விட்டிருக்கீங்க! எழுதுங்க. கால் இல்ல. ஆறு மேல்பக்கமா பாயுது."

அவர் எழுதினார்: 'ஆறு சற்றே மேல்நோக்கிப் பாய்கிறது, பரவாயில்லை.'

மனைவி அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே தட்டினார். கடைசியில், 'இதை எழுதுவது அவர் மனைவி. அவரை நம்பினால் நீங்கள் கடையை மூட வேண்டியதுதான்' என்று சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அனுமதி இனி மனைவிக்கு. வீட்டுக்கு ஒருவர்தான்.

"பரவாயில்லை" என்றார். எழுந்து நாற்காலியை மனைவிக்கு விட்டார்.

புதிய பதிப்பு வந்ததும் மனைவி ஆடினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தபால்காரனுக்குக் கால் முளைத்திருந்தது. விறைப்பாக நடந்தான். முன்பெல்லாம் வழியோரப் பூக்கள் அவன் முகத்துக்கு நேரே வரும். இப்போது மிதித்துக்கொண்டு போனான்.

"இது சரியில்ல."

மனைவி விளையாட்டை நிறுத்தினார். "என்ன சொன்னீங்க?"

"சரியில்லைன்னேன். அவனுக்குக் காலே வேண்டாம்."

மனைவி கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார். "தட்டுங்க. நடுவுல பரவாயில்லைன்னு போட்டீங்க, நடக்கிறதே வேற."

ஒரு பக்கத்துக்குத் திட்டித் தீர்த்தார். காலில்லாமலும் ஆட வழி வைப்பதாகப் பதில் வந்தது. கூடவே, விதிவிலக்காக அவருடைய அனுமதியும்.

மறுநாள் மருத்துவமனையில் ஒருவர் நாற்காலி ஆடுகிறது என்றார். இவர் எழுந்து வந்து, உட்கார்ந்து, ஆடிப் பார்த்தார்.

"ஆமாங்க, படு மட்டம்" என்றார்.