இஷ்யூ: ஒரு மகள்

இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரத்தில் ஒரு துணிக்கடை மாடியில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. வெளிநாட்டிலிருந்து பழைய புத்தகங்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைப் பார்த்துக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்த வருஷம் வந்தது இங்கிலாந்தின் ஒரு பிரபுக் குடும்பத்து வம்சாவளி. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஜனங்கள். தாத்தனுக்கும் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். பேருக்கா பஞ்சம் என்று எரிச்சலாக வரும்.

பாதிப் பேருக்கு எதிரே 'டைடு வித்தவுட் இஷ்யூ' என்று இருந்தது. எங்கள் டீம் லீடருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. "இஷ்யூன்னா பிராப்ளம்தானே? நோய் நொடி இல்லாம நிம்மதியா போய்ச் சேர்ந்தாங்கன்னு அர்த்தம்" என்றார். நாங்களும் இறந்த விதம் என்ற கட்டத்தில் அமைதியான மரணம், அமைதியான மரணம் என்று இங்கிலீஷில் அடித்துத் தள்ளினோம். "கொடுத்து வச்ச குடும்பம்டீ" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

கொஞ்ச நாளில் மொத்தமும் திரும்பி வந்தது. இஷ்யூ என்றால் பிள்ளையாம். வாரிசில்லாமல் செத்தவர்களையெல்லாம் நாங்கள் நிம்மதியாகச் சாகடித்திருந்தோம். "அட, கல்யாண விளம்பரத்துல போடுவாங்களே, டைவர்ஸி, நோ இஷ்யூன்னு, அதான்!" என்று பக்கத்து சீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தியதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது ஊரார் பேச்சு. பிறந்தது. பெண். பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. ஆபரேஷன் மயக்கம் தெளிந்து நான் முழிப்பதற்குள் என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் எனக்கு மறக்க முடியாதாம், பெரியவர்கள் முடிவு. பெயர் வைக்கவில்லை, காரியம் என்று எதுவும் செய்யவில்லை. அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவரும்தான்.

தப்பையெல்லாம் திருத்த உட்கார்ந்தபோது, ஒரு பிரபுவின் மனைவிக்குக் கீழே இப்படி இருந்தது: 'இஷ்யூ: ஒரு மகள், பிறந்த அன்றே இறந்தாள்.' பெயர்கூட இல்லை. ஆனால் அம்மாவின் பெயரிலிருந்து ஒரு கோடு அவளிடம் இறங்கி வந்தது. எந்த மகராசனோ அவளையும் ஒரு ஆளாக மதித்து எழுதி வைத்திருக்கிறான். என் மகளை அப்படி எழுதி வைக்க யாருமில்லையே. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்து மிச்சத்தை அடித்தேன்.

அந்த மாதமே பெருங்களத்தூரில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. "பிள்ளை பெத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து வளையல் போடுங்க" என்றார் நாத்தனார். வழக்கமாக அந்த நேரத்தில் நான் பந்தியைக் கவனிக்கிற சாக்கில் நழுவிவிடுவேன். அன்று என்ன வீம்போ, வரிசையில் போய் நின்றேன்.

"நீ உக்காரும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் நாத்தனார்.

"ஏன் அண்ணி? நானும் பெத்தவதான்."

அந்தப் பெண், பாவம், நீட்டியிருந்த கையை இழுத்து வயிற்றைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையே இல்லாதவள் என்றால் பரிதாபம். பெற்றுப் பறிகொடுத்தவள் என்றால் பயம். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் இடத்தில் நானும் இழுத்துக்கொண்டிருப்பேன். வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். திட்டட்டும், வாங்கிக் கட்டிக்கொள்வார் என்று நானும் தயாராகத்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் வண்டி நின்றது. அவர் திரும்பாமலே சொன்னார்.

"நெத்தி உன்னுதுதான். தலை நிறைய முடி. கையை இறுக்கி மூடிக்கிட்டிருந்தா."

பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"இன்னும் சொல்லுங்க" என்றேன்.

"அவ்வளவுதான் பாத்தேன்" என்றார்.