பூவம் வரை போய்ப் போட்ட பெட்ரோல்

ஸ்கூட்டியின் டாங்க் மூடியைத் திருகினால் எழும் அந்த வாசனையில் எனக்குப் போலகத்து அக்கா வயல் கண்முன் வந்துவிடும்.

கச்சா எண்ணெய்க் குழாய் அக்காவின் வயலுக்கு அடியில் உடைந்த மறுநாள் நான் வரப்பில் நின்றிருந்தேன். பால் பிடிக்கும் பருவம். பயிருக்கு நடுவே தண்ணீர் முதலில் மயில் கழுத்தாக மின்னியது, பிறகு கறுத்தது. நண்டுகள் ஒவ்வொன்றாக வரப்பேறி வந்து அசையாமல் கிடந்தன. கம்பெனிக்காரர்கள் மேல்மண்ணைச் சுரண்டிப் போனார்கள், வேறு மண் கொட்டினார்கள். அடுத்த இரண்டு சம்பாவிலும் நட்ட நாற்று வேர் பிடிக்கவில்லை. மஞ்சளாக நின்றது, படுத்தது.

அந்தக் கம்பெனியின் பங்க் காரைக்காலில் என் தெருமுனையிலேயே இருக்கிறது. இனி அங்கே ஒரு சொட்டும் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அன்றிலிருந்து தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் பூவம் பங்க்தான். வேறு கம்பெனி, வேறு போர்டு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இங்கே விலை குறைவென்று வருகிறவர்களின் வரிசையில் நானும் நிற்பேன். ஹெல்மெட்டுக்குள் என் தலை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

போன மாசியில் ஒரு காலை அக்கா பஸ் ஏறி வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் காகிதங்கள். வயலை மொத்தமாகத் தங்களுக்கே எழுதித் தரும்படி கம்பெனி கேட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டுமாம். அத்தான் போன பிறகு அந்த வயலில் தனியாளாக நின்றவள் அவள்.

"போட்டுரட்டுமாடி? வேணாமா? நீ சொல்லு."

எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. போடு என்றாலும் பாவம், போடாதே என்றாலும் பாவம் என்பதுபோல் ஒரு மரத்த இடம்.

"வண்டியில பெட்ரோல் இல்லக்கா. போட்டுட்டு வந்துரலாம், ஏறு. போற வழியில பேசிக்கலாம்."

தெருமுனை பங்க்கைத் தாண்டினேன். அடுத்ததும் அதே கம்பெனி. அதையும் தாண்டினேன். வரிச்சிக்குடி வந்ததும் பின்னாலிருந்து முதுகில் தட்டினாள்.

"எங்கடி போற? ரெண்டு பங்க்க விட்டுட்ட."

"அவங்க பெட்ரோல நான் போடறதில்லக்கா. உன் வயல் போனதுலேருந்து."

"அடிப் பாவி! பெட்ரோல் போடுறதுக்குப் பெட்ரோல எரிச்சிக்கிட்டா போற?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்காகவா?" என்றாள். அந்தக் கேள்வியில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது. காற்று இரைந்துகொண்டிருந்தது. நான் வெறுமனே தலையாட்டினேன்.

பூவம் பங்க்கில் டேங்கர் நின்றிருந்தது. டிரைவர் நிழலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். யாரிடமும் பேச்சுக் கொடுக்கிறவள் அக்கா.

"எங்கேருந்து தம்பி ஏத்திக்கிட்டு வர்றீங்க?"

"டிப்போலேருந்துதான்க்கா. காலையில டவுன்ல ஒரு லோடு எறக்கினேன், இப்ப இங்க."

"டவுன்ல எந்த பங்க்?"

அவர் சொன்னது என் தெருமுனை பங்க்.

"அது வேற கம்பெனி இல்லையா?" என்றேன்.

"டிப்போ ஒண்ணுதான் மேடம். யாரு பங்க்கா இருந்தா என்ன? போர்டுதான் வேற." சட்னியைத் துடைத்துத் தின்றார்.

வெட்கமோ கோபமோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இத்தனை நாள் கைகழுவியதாக நினைத்திருந்த தண்ணீரும் அதே குட்டையின் தண்ணீர். மீட்டரில் எண்கள் ஓடின, நின்றன. மூடியைத் திருகினேன்.

திரும்பினோம். பேசுவதற்கென்றே அவளை அழைத்துப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் அறுத்த தாள் காய்ந்து கிடந்தது. சொல்ல ஒரு சொல் இருந்திருக்கும். அதைத் தேடாமல், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியைப் பார்த்து ஓட்டினேன், அதுதான் பெரிய வேலை என்பதுபோல.

பஸ் ஸ்டாண்டில் அவள் போகிற பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. படியில் காலை வைத்தாள்.

"அக்கா, அந்தக் கையெழுத்து…"

"போட்டுடறேன்டி. வேணாம்னு நீயாவது அடம்புடிப்பேன்னு நெனச்சுதான் வந்தேன். சரி, வெயில்ல நிக்காத, போ."