இன்னும் பதினோரு சரணம்

இங்கே ஜெர்மனியில் ஞாயிறு ஆராதனைக்குப் போனால், சுவர்ப் பலகையில் பாட்டு எண்ணோடு சரணங்களின் எண்ணும் போட்டிருக்கும்: ஒன்று, இரண்டு, ஐந்து. நடுவில் இருப்பதை விட்டுவிடுவார்கள். நேரமாகிவிடுமாம். முதல் வாரம் நான் மட்டும் மூன்றாம் சரணத்துக்குப் போய்த் தனியாக நின்றேன். பயமில்லாத சனம்தான் இப்படிக் குறைத்துப் பாடும். எங்கள் தெருவில் ஒருநாள் ஒரு சரணத்தைக்கூட விட முடியாமல் இருந்தது.

மன்னார்குடிப் பக்கம், வாய்க்கால் மேட்டில் எங்கள் குடிசை. மனை மிராசுதாருடையது. கூலிக்காரர் குடியிருக்கும் மனை அவர்களுக்கே என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். அதிகாரி கணக்கெடுக்க வருகிற அன்று யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்குப் பட்டா. அன்று காலையிலேயே கூரையைப் பிரித்துப்போட மிராசுதார் தன் காரியக்காரரை ஆறு ஆட்களோடு அனுப்பினார். அப்பா இறந்து ஆண் துணையில்லாத வீடு என்பதால் எங்கள் வீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார். காரியக்காரர் சாமிக்குப் பயந்தவர், பூசை நடக்கிற இடத்தில் கை வைக்க மாட்டார். அது அம்மாவுக்குத் தெரியும். தெருப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பாட ஆரம்பித்தாள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அடியை வாசிப்பேன், அவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அது எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் செய்கிற வேலை. அவர் வரவில்லை. கோயில் கட்ட மிராசுதார் நெல் கொடுத்திருந்தார்.

"ஏ எஸ்தரு, பாட்டு எப்ப முடியும்?" என்றார் காரியக்காரர்.

"இன்னும் பதினோரு சரணம் இருக்குங்க" என்றாள் அம்மா.

அவர் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தார். ஆண்டவர் காப்பார், சிறகுக்குள் வைப்பார் என்கிற பாட்டெல்லாம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டன. பங்குனி வெயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினோம். பிறகு கல்யாணப் பாட்டு. கடைசியில் அடக்கப் பாட்டு. காரியக்காரர் பதறி எழுந்து, "யாருடி செத்தது?" என்றார்.

"இன்னும் யாரும் சாகலீங்க, நீங்க உக்காருங்க" என்றாள் அடுத்த வீட்டு ஞானம்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த அடிக்குத் தாமதித்ததற்காக என்னை முறைத்தாள். எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனாலும் ஆண்டவர் அவ்வளவு பக்கத்தில் இருந்ததாக நான் வேறெப்போதும் உணர்ந்ததில்லை. இருபது பேர் அடியை வாங்கிப் பாடும்போது அந்தக் கூரைக்கு மேல் இன்னொரு கூரை இருந்தது. நாலு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து அம்மா பெயரை எழுதிக்கொண்டார்.

போன வாரம் ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது, பக்கத்திலிருந்த ஒரு அம்மாளிடம் இதை என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். "நாள் முழுக்கப் பாட்டா! ஷோன், ரொம்ப அழகு! என்ன பண்டிகை?" என்றார். பண்டிகை இல்லை, வீட்டைப் பிரிக்க வந்தார்கள் என்றேன். "போலீசைக் கூப்பிடவில்லையா?" போலீஸ் மிராசுதார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.

ஊரிலிருந்து உபதேசியார் எழுதியிருக்கிறார். ஆண்டவர் காத்ததைச் சாட்சியாக எழுதி அனுப்பு, சபைப் பத்திரிகையில் போடலாம் என்று. காத்தார் ஐயா. ஆறு ஆட்களிடமிருந்து காத்தார். அவர்களை அனுப்பியவர் பெயரையும், அன்றைக்கு வராமல் போனவர் பெயரையும் சேர்த்து எழுதினால் போடுவீர்களா?

அம்மாவை இங்கே ஒரு மாதம் வந்து இருக்கச் சொன்னேன். வரமாட்டாள். பட்டா கைக்கு வந்த பிறகும், வீட்டை விட்டுப் போனால் யாராவது பிரித்துவிடுவார்கள் என்கிற பயம் அவளுக்குப் போகவில்லை. இங்கே என் அறைக் கதவில் என் பெயரை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். யாரும் என்னைக் கிளப்ப முடியாது. நேற்று சாயங்காலம் அந்த அறையில் வாய்விட்டு ஒரு பாட்டு எடுத்தேன். இரண்டாவது அடியிலேயே பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். எழுந்துபோய் என் பெயர் போட்ட கதவைத் தாழிட்டேன். மீதியைத் தலையணையில் முகத்தைப் புதைத்துப் பாடினேன்.