தப்பால்காரனின் வலைப்பூவும் வராத ஒரு கடுதாசியும்

கிட்ட வந்து உட்காருங்க. தூரத்தில் இருந்தால் சத்தமாகப் பேச வேண்டும், அதற்கு இப்போது மூச்சு இல்லை. தப்பால் தூக்குவது என்பது மற்றவர்களுக்கு வந்த சேதியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறுகிற வேலை. வலைப்பூ எழுதுவது என்பது யாரும் கேட்காத சேதியைத் தானே எழுதித் தானே சுமக்கிற வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தவன் நான். ஆசைக்கு ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டு, யாராவது வாசித்தார்களா என்று நாளைக்கு நாலு தரம் எட்டிப் பார்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்த நோவு விளங்காது.

தபால் பிரிக்கிற நேரம்

எங்கள் தோட்டம் எஹலியகொடையிலிருந்து நாலு மைல் மேலே. பாதி ரப்பர், பாதி தேயிலை. ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குத் தபால்காரர் ஏறி வரமாட்டார். தோட்டத்து ஆட்களின் கடிதமெல்லாம் டவுன் தபால் கந்தோரில் ஒரே பையில் விழும். அந்தப் பூட்டுப் போட்ட பையைத் தினமும் தூக்கிவந்து தோட்டத்துக் கந்தோரில் கொடுப்பவன்தான் தப்பால்காரன். இருபத்தாறு வருசம் அது என் தோளில் கிடந்தது. படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. ஆனால் லயத்தில் பாதிப் பேருக்குக் கடுதாசி வாசித்துக் காட்டியதும், அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதியதும் நான். அதனால் பேசுகிறதை எழுத வரும்.

கொழும்புத் தபால் வந்து பிரித்து முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். அதுவரை பக்கத்தில் நிமல் முதலாளியின் கொமினிகேஷன் கடையில் ஒதுங்கி நிற்பேன். போன் பேச, கொப்பி எடுக்க, கொம்பியூட்டர் பார்க்க ஆட்கள் வருகிற கடை அது. காலையில் மட்டும் ஈ கூட வராது. நிமல் சிங்களவர், தமிழும் பேசுவார். சும்மா நிற்கிற நேரத்தில் கடுதாசிக் கதைகளைச் சொல்லுவேன். ஒரு நாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொம்பியூட்டர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம், இதில் போடுங்கள், உலகமே பார்க்கும் என்றார். போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

“ஒண்ணும் கிடைக்காது மாமே. அதுனாலதான் எல்லாரும் செய்றாங்க.”

தட்டோடு போன பயணம்

எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி ஒற்றை விரலால் குத்தி, முதல் கதையைப் போட்டு முடிக்க நாலு நாள் ஆனது. “தப்பால் பை” என்று பெயர் வைத்தேன். மனசில் ஒரு பாரம் இருந்த நேரம் அது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருசத்துக்கு முன்னால் என் மகள் சாந்தி பெரிய பிள்ளையானாள். எங்கள் சனத்தில் அந்தச் சடங்குக்குத் தாய்மாமனை அழைப்பதென்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போக வேண்டும். என் சம்சாரம் பூங்காவனத்தின் அண்ணன் வரக்காப்பொலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. அன்றைக்கு நல்ல மழை, மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாலு வெற்றிலையையும் ரெண்டு பாக்கையும் கடித உறைக்குள் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்பிவிட்டேன். போய்ச் சேரும்போது வெற்றிலை சருகு. பாக்கு உறையைக் கிழித்துக்கொண்டு வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அன்றோடு மச்சான் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

இப்போது சாந்திக்குக் கொடகவெலைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவராமல் எங்கள் பெண் மணவறை ஏறமாட்டாள். “மாமன் கைவிட்ட பொண்ணு” என்று ஒரு பேச்சு சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், ஆயுசுக்கும் அந்த வீட்டில் அவள் தலை குனிந்துதான் நடக்க வேண்டும். பூங்காவனமும் நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போனோம். மச்சான் கதிரையை விட்டு எழும்பவில்லை. தட்டைப் பார்த்தார். பை தூக்கித் தூக்கிச் சரிந்துபோன என் தோளைப் பார்த்தார்.

“தட்ட வச்சிட்டுப் போங்க மாப்புள. பதில் தப்பால்ல போடுறேன்.”

கனடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்வந்தது

அன்றிலிருந்து பையில் அந்த ஒரு கடுதாசியைத் தேடுவதே என் வேலை. அது வரவில்லை. ஆனால் வலைப்பூவுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கனடாவிலிருந்து, ஒருவர் மலேசியாவிலிருந்து, ரெண்டு பேர் சென்னையிலிருந்து. எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: “நல்ல பதிவு. நம்ம வீட்டுப் பக்கமும் வாங்க.” வீடு என்றது அவர்களுடைய வலைப்பூவை. கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருப்பது மரியாதையா? போனேன். ஒவ்வொருவர் எழுதியதையும் வாசித்து, நல்லாயிருக்கு என்று எழுதிவிட்டு வந்தேன். நான் வந்ததற்காக அவர்கள் திரும்ப வந்தார்கள். அவர்கள் வந்ததற்காக நான் திரும்பப் போனேன். ஒரு வீட்டில் கவிதை, ஒரு வீட்டில் மீன் குழம்பு வைக்கிற விதம், ஒரு வீட்டில் கிரிக்கெட் சண்டை. எந்த வீட்டிலும் ஒரு வாய்த் தேத்தண்ணி கிடையாது. மூன்று கிழமை இப்படி ஊர் ஊராக அலைந்து, சொந்தமாக ஒரு வரி எழுத நேரமில்லாமல் போனது.

பூங்காவனம் ரப்பர் பால் வெட்டுகிறவள். எழுத்து வாசனை இல்லை, கணக்கு மட்டும் மனசிலேயே போடுவாள். வாளியைக் கழுவிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

“கனடாக்காரங்க வீட்டுக்கெல்லாம் நேர்ல போய் வாறீங்க. எங்கண்ணே வீட்டுக்கு மட்டும் தப்பால் அனுப்புனீங்க.”

பெரிய கிளாக்கரின் சிவப்புப் பேனை

அந்தச் சொல் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் உட்கார்ந்து, பாக்கை உறையில் போட்டு அனுப்பிய கதையை ஒன்றும் மறைக்காமல் எழுதினேன். மழையைக் காட்டித் தப்பிக்கவில்லை. நடந்து போயிருக்கலாம், சோம்பல்தான் காரணம் என்று எழுதினேன். அது என்னவோ சனத்துக்குப் பிடித்துப்போனது. மச்சானின் மகன் ரவி கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்கிறான். அவனும் வாசித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தான்: “மாமா, லீவுக்குப் போனப்ப அப்பாவுக்கு இத வாசிச்சுக் காட்டுனேன். ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னாரு.” அதைப் பார்த்த பிறகு பை கொஞ்சம் லேசாக இருந்தது போலத் தோன்றியது. கடுதாசி மட்டும் வரவில்லை.

எங்கள் கந்தோரில் பையைத் திறக்கிறவர் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்து ஆள். யாரோ சொல்லி என் கதையைக் கொப்பி எடுத்து வாசித்திருக்கிறார். ஒரு நாள் கடிதங்களைப் பிரித்து முடித்துவிட்டு, “உமக்கு இண்டைக்கும் ஒண்டும் இல்லை” என்றார். பிறகு மேசை லாச்சியிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார். வரிக்கு வரி சிவப்பு மை. அடிவாங்கிய பிள்ளையின் முதுகு மாதிரி இருந்தது. கடைசித் தாளில் மட்டும் ஒரு கோடும் இல்லை. ஏன் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதில கை வைக்க மனம் வரேல்லை காணும். ஆனா மற்றதெல்லாம் தமிழைக் கொண்டுபோய்க் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில விட்டிட்டீர்.”

சார்ஜன் கேட்ட கேள்வி

யுத்தம் உச்சத்தில் இருந்த வருசம். டவுனுக்குள் தமிழன் என்றால் அடையாள அட்டை கையிலேயே இருக்க வேண்டும். இருபத்தாறு வருசம் அதே பாதையில் நடந்தவனின் பையை சோதனைச் சாவடியில் நேற்று வந்த பையன்கள் திறக்கச் சொன்னார்கள். சாவி என்னிடம் இல்லை என்று தினமும் சொல்ல வேண்டும். அதுவே களைப்பு. இதற்கு நடுவில் யாரோ போய், ஒரு கிழவன் காலை காலை வந்து தமிழில் என்னவோ அடிக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பொலிஸ் சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும் கடைக்குள் வந்தார்கள். நிமல் எழும்பி நின்றுவிட்டார்.

திரையில் இருப்பதை அப்படியே சிங்களத்தில் சொல்லச் சொன்னார் சார்ஜன். சொன்னேன். வெற்றிலை, பாக்கு, உறை, மண்சரிவு, மகள் கல்யாணம், மச்சானின் கதிரை எல்லாவற்றையும் சொன்னேன். கான்ஸ்டபிள் ஒரு தடவை சிரித்தான். சார்ஜன் அவனைத் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். என் பெயர், அட்டை நம்பர், தோட்டத்துப் பெயர் எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். இனிமேல் கவனமாக இரு என்றார் சார்ஜன். வாசல் வரை போனவர் நின்றார். மச்சான் வருவாரா, மாட்டாரா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“மஸ்ஸினா எனவத, நெத்த?”

நடக்காத கல்யாணம்

எனக்கே தெரியாததை அவருக்கு என்ன சொல்ல? கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் விட்டு, மாமன் எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று கேட்டுவிட்டார்கள். சாந்தி ஒன்றும் கேட்கவில்லை. நான் மலை ஏறி வரும்போது வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அது கேள்வியைவிட மோசம்.

அன்றைக்குப் பூங்காவனம் நான் எழுதிப் பழகுகிற கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள். “நீங்க எழுதுறத ரவி எங்கண்ணனுக்கு வாசிச்சுக் காட்டுறான்ல? கனடாக்காரங்களும் பாக்குறாங்கல்ல? அப்ப எழுதுங்க. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு.” நடக்காததை நடந்ததாக எழுதுவது பொய் என்றேன். “ஜோசியக்காரன் கடுதாசிய லயமெல்லாம் வாசிச்சுக் காட்டுனீங்களே, அது மட்டும் நடந்ததுக்கு அப்புறமா எழுதுனதா?” என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக அண்ணன் வருகிறார். முன்னால் தப்பு அடிக்கிறார்கள். பின்னால் பதினொரு தட்டுச் சீர். லயமே வாசலில் நின்று பார்க்கிறது. மாலை போடும்போது அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர். சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுதுவதை நிறுத்தினேன். இவ்வளவு எழுதியும் அவர் வராவிட்டால் உலகத்துக்கு முன்னால் நம் முகம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“எங்கண்ணே பொய்யச் சகிக்க மாட்டாரு. அத மெய்யாக்கவாவது வந்து சேருவாரு.”

திருத்தச் சொல்லி வந்த கடுதாசி

போட்டுவிட்டேன். ஒரே நாளில் இருபது பேருக்கு மேல் வாழ்த்து எழுதினார்கள். சாந்தியைவிட மாமனுக்குத்தான் வாழ்த்து அதிகம். “இப்படி ஒரு மாமன் எனக்கு வாய்க்கவில்லையே” என்று மலேசியாக்காரர் அழுதிருந்தார். மச்சான் படம் இருந்தால் போடுங்கள் என்று கனடாக்காரர் கேட்டிருந்தார். நடக்காத கல்யாணத்தில் எத்தனை பேர் வயிறாரச் சாப்பிட்டுப் போகிறார்கள்!

ஆறாவது நாள் பெரிய கிளாக்கர் பையைத் திறந்தார். பில், சுற்றறிக்கை, யூனியன் கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், ஒரு உறையைக் கையில் பிடித்து என்னைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வரக்காப்பொலை முத்திரை. திறக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவரே வாங்கிக் கிழித்து வாசித்தார். நாலே வரி.

“மாப்பிள்ளைக்கு எழுதிக்கொள்வது. பதினொரு தட்டு என்று எழுதியது யார்? எங்கள் வம்சத்தில் எவனும் பதினொரு தட்டோடு படி ஏறியது கிடையாது, இருபத்தொன்று என்று திருத்தவும். நான் அழவும் இல்லை, அந்த வரியை எடுத்துவிடவும்.”

மாமன் வந்த நாள்

தட்டுக் கணக்கை உடனே திருத்தினேன். அழுத வரியை எடுக்கப் பூங்காவனம் விடவில்லை. கல்யாணத்தன்று ரவி வேன் பிடித்துக் கூட்டிவந்தான். பாதி மேட்டில் வேன் நின்றுவிட்டது. மச்சான் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டி, தட்டுத் தூக்குகிறவர்களை வரிசையில் நிற்கவைத்துவிட்டு முன்னால் நடந்தார். சம்பந்தி வீட்டார் வாய்விட்டு எண்ணினார்கள்: இருபத்தொன்று. மாப்பிள்ளைப் பையன் என் காதில் சொன்னான், நாங்க வீட்டில எல்லாரும் உங்க வலைப்பூ வாசிக்கிறோம் மாமா, அம்மாவுக்கு நான்தான் வாசிச்சுக் காட்டுவேன் என்று. சாந்தி தலையை நிமிர்த்தித்தான் நின்றாள். மச்சான் மாலையைத் தூக்கினார். தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, பிள்ளை மாதிரி விசும்பினார்.

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆறு வருசத்துக்குப் பிறகு. சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்த வரியை எடுத்தாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு கவளம் விழுங்கினார்.

“சரி, இருந்துட்டுப் போகட்டும்.”

வலைப்பூ தொடங்கினால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்லத் தெரியும்: விரல் நோவு எனக்கு, பெயர் மச்சானுக்கு. சாந்தி கொடகவெலையில் ஒரு வேளைச் சோறுகூடத் தின்றிருக்கமாட்டாள், அதற்குள், மருமகளைத் தண்ணிக்குடம் தூக்கக்கூட விடாமல் தாங்குகிற அந்தத் தங்கமான மாமியாரைப் பற்றி இன்றைக்கே எழுதிப் போடச் சொல்லி, கொப்பியை என் மடியில் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போய்விட்டாள் பூங்காவனம்.