ஓட்டாதவர்களின் வண்டி

பம்மல் மெயின் ரோட்டில் இருக்கும் பர்வேஸின் சைக்கிள் கடைக்குள் வருகிறவர்கள் ஃபாயிசாவை உடனே பார்த்துவிட மாட்டார்கள். டியூப் பெட்டிகள் அடுக்கிய மூலையில், பில் போடும் மேசைக்கு அந்தப்பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, தோல் கையுறைக் கம்பெனியில் விரல் தைக்கப் போனவள். பேசினால் தையல் கோணும் என்பதால் அங்கே வாயை மூடிக்கொண்டு கண்ணால் வாழப் பழகினாள். பர்வேஸைக் கல்யாணம் பண்ணி, பெண் பிறந்து, அந்தப் பெண் பத்தாவதுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வந்தவர் வாங்குவாரா, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவாரா என்று வாசலில் நிற்கிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லத்தான் மாட்டாள்.

அதனால்தான் அன்றைக்கு டீ வழிந்ததை அவள் மட்டும் பார்த்தாள்.

அதற்கு முந்தைய மாதம், வண்டலூருக்கு அந்தப்பக்கம் இருக்கும் குன்றில் மலைச் சைக்கிள் ஓட்டப் போன பர்வேஸ் தலைகுப்புற விழுந்தான். பிளந்துபோன ஹெல்மெட்டை வழியிலேயே எறிந்துவிட்டு, கடையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்றான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுதுவிட்டு வந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுபோனான். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ சுவைப்பதுபோல அசைந்தது. தம்ளர் நிரம்பி, டீ மேசையில் ஓடி, அவன் தொடையில் சொட்டியது. சுட்டிருக்கும். அவன் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

"யாரு டீய கொட்னது?" என்று அவளையே கேட்டான்.

அதற்குப் பிறகும் சாப்பிடும்போது ஒரு தடவை, ஷட்டரை இறக்கும்போது ஒரு தடவை. வலிப்பாக இருக்குமோ என்று மாமியார் நூர் பீவியிடம் அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிழவி தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் பேர இந்த வூட்ல எடுக்காத. பொண்ணு வளந்துகினு கீது. நாளைக்குக் கேக்க வர்றவன், அப்பனுக்கு இன்னா சீக்குன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"இல்ல மாமி, டாக்டராண்ட மட்டும்..."

"டாக்டர் வாய் சும்மா இருக்குமா? போய் வேலையப் பாரு."

வெளிநாட்டுப் பயணப் பேச்சு அந்தச் சமயத்தில்தான் கிளம்பியது. கிளப்பியவன் சூர்யா. பள்ளிக்கரணையில் இருக்கும் கம்ப்யூட்டர்காரன். சைக்கிள் வாங்க வந்து பர்வேஸுக்குக் கூட்டாளியாகி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனோடு குன்றேறுகிறவன். நேபாளத்தில் முக்திநாத் வரை ஏறிப் போய், அங்கிருந்து மலை முதுகு வழியாக ஜோம்சோம் என்ற ஊர்வரை சைக்கிளில் இறங்கி வருவது என்று திட்டம். அவன் மனைவி சுபத்ராவும் ஃபாயிசாவும் ஜீப்பில் ரோடு வழியாகக் கீழே வந்து காத்திருக்க வேண்டும்.

சூர்யாவின் வீட்டு ஹாலில் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குப்பைக்கிடங்குப் புகை வருகிறதென்று சுபத்ரா சதுப்புநிலத்தைப் பார்த்த ஜன்னலை மூடினாள்.

"ஓட்டாதவங்க எல்லாம் ஜீப்ல. லக்கேஜ், டூல்ஸ், மருந்து எல்லாம் அவங்க பொறுப்பு. நாங்க வெறும் தண்ணி பாட்டிலோட இறங்குவோம்," என்றான் சூர்யா.

"அப்ப நாங்க கூலியா?" என்றாள் சுபத்ரா.

"சப்போர்ட் டீம்."

"பேரு மட்டும் நல்லா வைப்பீங்க. எனக்கு என்ன, முக்திநாத் பெருமாளப் பாத்துட்டேன்னு சொன்னா மாமியார் ஆறு மாசம் வாயத் திறக்க மாட்டாங்க. உங்களுக்கு அங்க என்ன வேணும் ஃபாயிசா?"

ஃபாயிசா வாய் திறப்பதற்குள் பர்வேஸ் முந்திக்கொண்டான். "அவளுக்கு பிளைட்ல ஜன்னல் சீட்டு குட்தா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திரையில் சிவப்புக் கோடு அவர்கள் இறங்கும் வழி, நீலக் கோடு ஜீப் வழி. இரண்டும் ஒரே ஊரில் தொடங்கிப் பிரிந்து, நடுவில் பெயரே எழுதாத பழுப்பு நிலத்தை விட்டுவிட்டு, வெகுதூரம் தள்ளிச் சேர்ந்தன. அவள் விரலை அந்தப் பழுப்பின்மேல் வைத்தாள்.

"இங்க போன் எடுக்குமா தம்பி?"

"எடுக்காதுக்கா. பாதி நாளைக்கு ஒரு ஆளையும் பாக்க முடியாது. அதுக்குத்தான் போறதே."

வீடு திரும்பும்போது பைக்கின் பின்னால் பர்வேஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்த முதுகு எந்த நிமிடம் வெறும் சட்டையாகிவிடும் என்று இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிவதில்லை. ரேடியல் ரோட்டின் சிக்னலில் நின்றபோது, டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றாள்.

"தூக்கம் பத்தல. அவ்ளோதான்."

"டீ கொட்னது தூக்கமா?"

"பேஜார் பண்ணாத ஃபாயிசா. பயமா இருந்தா நீ வராத. நானும் சூர்யாவும் போய்க்கறோம்."

இனியும் சொன்னால் அவளை விட்டுவிட்டுப் போய்விடுவான். விஷயம் தெரிந்த ஒரே ஆள் பம்மலில் பில் போட்டுக்கொண்டிருக்க, அவன் அந்தப் பழுப்பு நிலத்தில் இருப்பான். சொல்லாவிட்டால் ஜீப்பில் உட்கார்ந்து கீழே காத்திருக்கலாம். காத்திருந்து என்ன செய்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றான் சூர்யா. ஞாயிற்றுக்கிழமை காலை, அதே குன்று. ஆண்கள் உச்சியிலிருந்து இறங்க, பெண்கள் காரில் சுற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் வந்து நிற்பது. அங்கே செய்யப்போவதுபோலவே எல்லாவற்றையும் காரில் வைத்தாகிவிட்டது. பர்வேஸ் தன் பையை, பஞ்சர் சாமானும் கைப்பம்பும் உட்பட, ஃபாயிசாவின் மடியில் வைத்துவிட்டு ஏறிப் போனான்.

ஏரிக்கரையில் இளநீர்க் கடை இருந்தது. சுபத்ரா ஸ்வெட்டர் எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தாள். ஃபாயிசா புதர் பிரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சக்கரச் சத்தம் கேட்டு, சூர்யா வெளியே வந்தான். அவன் மட்டும்.

"பாய் எங்கே?" என்று அவன்தான் அவர்களைக் கேட்டான். "எனக்கு முன்னாடிதானே இறங்கினார்?"

சூர்யா திரும்பி மேலே ஓடினான், கூப்பிட்டான், வந்தான். மறுபடி ஓடினான். சுபத்ரா பர்வேஸுக்குப் போன் போட்டாள். அந்தப் போன் ஃபாயிசாவின் மடியில், பைக்குள் அடித்தது.

பர்வேஸ் குன்றிலிருந்து வரவில்லை. கார் வந்த தார் ரோட்டில், அவர்களுக்குப் பின்னாலிருந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். ஒரு காலில் முட்டிவரை சேறு. காதோரம் முள் கிழித்த கோடு.

"பஞ்சர்பா," என்று சிரித்தான். "ஒட்டிக்கினு வர லேட்டாய்ட்ச்சு." முகம் கழுவக் கடைக்காரரின் தண்ணீர்க் குடத்துக்குப் போனான். சுபத்ரா அவனுக்கு இளநீர் வெட்டச் சொல்லப் போனாள்.

ஃபாயிசா இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல்லுபோல இருந்தன. நிமிர்ந்தபோது, அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த சூர்யா சட்டென்று ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தத் திரும்பலே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"உங்களுக்கும் தெரியுமா தம்பி?"

சூர்யா ஏரியைப் பார்த்தபடியே சொன்னான். "போன மாசம் ஒரு தடவை பாத்தேன்க்கா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கையப் பிடிச்சுக்கிட்டார். போய்ட்டு வந்ததும் டாக்டரப் பாக்கறேன்னார். அங்க நான் பின்னாடியே வருவேன்க்கா, விட மாட்டேன்."

"இன்னிக்கும் பின்னாடிதான வந்தீங்க?"

சூர்யா தன் சைக்கிளின் பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டான்.

இளநீர்க் கடை பெஞ்சில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பர்வேஸ் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்து, "அடுத்த வாரம் இன்னொரு தபா ஓட்டிட்டா போதும், ரெடி," என்றான்.

"போக வேணாம்," என்றாள் ஃபாயிசா.

நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் வேண்டாம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்கு நெனவு போய்ப் போய் வருது. இன்னிக்கும் மேல அதான் ஆச்சு."

"பஞ்சர்னு சொன்னேன்ல?"

"பம்பு என் மடியில கீது. எதால காத்து அட்ச்சீங்க?"

பர்வேஸ் பையைப் பார்த்தான். சுபத்ரா மெதுவாகத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "சூர்யா, உனக்குத் தெரியுமா?" சூர்யா காலியான இளநீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

"இத்தினி வருசம் வாயத் தொறக்காதவ. தொறந்த அன்னிக்குப் பாரு," என்றான் பர்வேஸ். குரல் உயரவில்லை. "நீ வர வேணாம். நாங்க ரெண்டு பேரும் போய்க்கறோம்."

"இல்ல பாய்," என்றான் சூர்யா தரையைப் பார்த்து. "நான் வரல."

பர்வேஸ் இளநீரை பெஞ்சில் வைத்தான். கார் வேண்டாம், வீட்டுக்கு நான் ஓட்டியே போய்க்கொள்கிறேன் என்று சைக்கிளில் ஏறிவிட்டான். தடுக்கப் போன சூர்யாவின் கையைத் தட்டிவிட்டான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அவனுக்குப் பின்னாலேயே கார் போயிற்று. சுபத்ரா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்து சீட்டில் ஃபாயிசா. முன்னே அந்த முதுகு, அதற்கு வலப்பக்கம் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் அவன் நின்று மிதித்து ஏறினான். உச்சிக்கு வந்ததும் மிதிப்பதை நிறுத்தினான்.

இறக்கத்தில் யாரும் மிதிக்க மாட்டார்கள்தான். சைக்கிள் நேராகத்தான் போயிற்று. ஆனால் தோள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது.

"ஹார்ன் அடிங்க," என்றாள்.

சுபத்ரா விடாமல் அடித்தாள். அவன் திரும்பவில்லை. ஒரு பஸ் அவன் தோளை உரசுகிற மாதிரி கடந்து போயிற்று. சூர்யா பின் சீட்டில் எதையோ முணுமுணுத்தான். பாலம் தரையைத் தொட்ட இடத்தில் சைக்கிள் வேகம் குறைந்து, தானாகவே ஓரத்துக்கு உருண்டு, பிளாட்பாரக் கல்லில் முட்டி நின்றது. அவன் ஒரு காலை ஊன்றிக்கொண்டான். விழவில்லை.

கார் நிற்குமுன்னே ஃபாயிசா இறங்கி ஓடினாள். பர்வேஸ் அவளைப் பார்த்தான். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. உதடு இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"இது எந்த எடம்?" என்றான்.

"பெருங்களத்தூர்."

எதிரே கடைப் பலகைகளிலெல்லாம் அந்தப் பெயர் எழுதியிருந்தது. அவன் பிறந்ததிலிருந்து போய்வருகிற ரோடு. ஒவ்வொரு பலகையாகப் பார்த்தான். பிறகு, சைக்கிளைச் சரிய விட்டுவிட்டு, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொரு தபா சொல்லு," என்றான்.