சீர்த்தட்டில் வந்த சிலேட்டு

பிள்ளைகளே, என் தாய்மாமன் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தப்புக்காரர். விடியற்காலையில் அவர் தப்படித்தால்தான் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குச் சனம் எழும்பும். கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சீர் கொண்டுபோக ஓர் அடி. எது எதற்கென்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். மிஷனிலிருந்து ஒரு டீச்சரம்மா, பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வந்தார். தினமும் சாயங்காலம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று மணியடிப்பார். ஒருத்தியும் போகவில்லை.

"சிலேட்டத் தொட்டா கிறிஸ்தவ வேதத்துல சேத்துருவாங்களாம்" என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயமெல்லாம் பேச்சு.

அம்மாவுக்கு ஆசை. அப்பா விடவில்லை. "மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுற வீடு இது. அவங்க சிலேட்டு நம்ம வாசப்படி தாண்டாது!"

அந்த வாரமும் ஆள் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்களாம். அம்மா மாமாவிடம் போய் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சீர் அடி கேட்டது. எனக்குத்தான் காது குத்த வருகிறார்கள் என்று பயந்து, விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முன்னால் மாமா தப்புடன். பின்னால் அத்தை தலையில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்ட புதுச் சிலேட்டு. கடைசியாக டீச்சரம்மா. அவர் குங்குமத்தைப் பார்த்தார், துடைக்கச் சொல்லவில்லை.

"என்னா மச்சான் இது?" என்றார் அப்பா.

"தங்கச்சிக்கு அண்ணன் கொண்டாந்த சீரு. வேணாம்னா சொல்லுங்க மச்சான், இப்படியே திரும்பிப் போறேன். லயமே பாத்துக்கிட்டு இருக்கு."

அண்ணன் கொண்டுவந்த சீரை வேண்டாமென்று சொன்ன வீடு எங்கேயாவது உண்டா? அப்பா வாசலை விட்டு விலகி நின்றார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

பக்கத்துக் காம்பராக்காரி சத்தம் போட்டாள்: "எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லியே, யாரு சீரு கொண்டாருவா?"

"நான் எதுக்கு இருக்கேன்? நாளைக்கு ஒனக்கு!" என்றார் மாமா.

அதன்பிறகு டீச்சரம்மா மணியடிக்கவே இல்லை. சாயங்காலமானால் மாமாவின் சீர் அடிதான். பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். துரைக்குத் தப்படித்த கைதான் அது. ஆனால் அந்த அடி மாமாவுடைய அடி. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அந்தச் சிலேட்டில்தான் பிறகு அம்மா என் கையைப் பிடித்து எழுத வைத்தாள். ஆனால் அன்றைக்கு, காது தப்பிய சந்தோஷத்தில் ஓடிவந்து தட்டைப் பார்த்த நான், ஓர் அதிரசம்கூட இல்லையே, மாமா எனக்கென்று ஒன்றுமே கொண்டுவரவில்லையே என்று தரையில் புரண்டு அழுதேன்.